மீசை வைத்த பிணங்கள்

"ஐயோ…! போயிட்டாரு! தலைவர் போயிட்டாரு!"

ஹாலிலிருந்து கிளம்பிய அலறலில் சமையலறையில் ஒரு தட்டு நழுவித் தரையில் வட்டமடித்தது.

விடுமுறை நாள். சாப்பாடு முடிந்து வீடே கண் அசரும் மதிய நேரம்.

பிணம் மணல்மேல் கிடந்தது.

மல்லாந்து… மீசை விறைத்து… கண்கள் திறந்தபடி!

(உயிரோடு இருந்தபோதும் அந்தக் கண்கள் மூடியதில்லை. மீனுக்கு இமை கிடையாது.)

நீளம்? ஓர் ஆள்காட்டி விரல்.

"நாலாவது சாவு!" கண்ணாடித் தொட்டியில் நெற்றியை முட்டிக்கொண்டு விசும்பினான் அவன். "முதல்ல மாப்பிள்ளை. அப்புறம் கணக்குப்பிள்ளை. அப்புறம் சோம்பேறி. இன்னிக்குத் தலைவர்! இனிமே ஊமையன் ஒருத்தன்தான் பாக்கி!"

அழுதவன் தொழிலில் கண் பரிசோதகன். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டவன். தன் வீட்டுக்குள் நடப்பது மட்டும் அவனுக்கு எந்த நம்பர் கண்ணாடியிலும் தெரியாது.

இறந்தவர்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மீன் கடையில் 'லோச்' என்பார்கள். அயிரைக்குத் தூரத்துப் பங்காளி. புழு உடம்பு. மஞ்சளும் பழுப்புமாய்ப் பட்டைகள். வாயோரம் மீசை. மேலே வந்து வாலாட்டி மனிதர்களைக் காக்கா பிடிக்கும் பழக்கமெல்லாம் கிடையாது. தொட்டியின் அடியில், மணலுக்குள் மூக்கை நுழைத்து, விழுந்து கிடப்பதைப் பொறுக்கித் தின்று, பகலெல்லாம் ஒளிந்தே வாழும்.

அவை பிறந்த ஆற்றுத் தண்ணீர் பழுப்பாக இருக்குமாம். அதற்காகக் காய்ந்த இலைகளையும் ஒரு மரக்கட்டையையும் ஊறப் போட்டு, தொட்டித் தண்ணீரை அசல் டீ நிறத்துக்குக் கொண்டு வந்திருந்தான் அவன். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கல்யாண ஆல்பத்துக்கு முன்னால் அந்தத் தண்ணீரைத்தான் காட்டுவான்.

துண்டில் கையைத் துடைத்தபடி மனைவி வந்தாள்.

"மறுபடியுமா?"

"நீதானே காலையில தொட்டிகிட்ட நின்ன?"

"கண்ணாடியைத் துடைச்சேன்."

"எதை வெச்சு?"

"துணியை வெச்சு. பின்னே, கத்தியை வெச்சா துடைப்பாங்க?"

"போன மாசம் நீ சொல்லல? 'ஒண்ணு இந்த மீன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்'னு?"

"சொன்னேன். நீங்கதான் யோசிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டீங்க."

"சண்டை வேண்டாம்டா," என்றது ஒரு குரல். மெதுவான குரல். "செத்த வீட்டுல சத்தம் போடக் கூடாது."

தொட்டிக்குப் பக்கத்தில் கைவைத்த நாற்காலி. அதில் நிமிர்ந்த முதுகோடு மாமியார். பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். புருவத்தை மட்டும் தூக்கியே ஒரு கட்டடம் நிறையப் பெண்களை அடக்கி வைத்தவர். மீன் சாகாத நாட்களில் அந்த வீட்டில் யாரும் யாரிடமும் குரல் உயர்த்துவதில்லை. உப்பு அதிகமென்றால் 'இன்னிக்குக் கொஞ்சம் எடுப்பா இருக்கு' என்பார்கள்.

மனைவிக்கு முதலில் அது சொர்க்கமாகத் தெரிந்தது. உப்பு அதிகமென்றால் தட்டு பறக்கும் வீட்டில் பிறந்தவள் அவள். இங்கே எதுவும் பறக்கவில்லை. எதுவும் உடையவில்லை. ஆனால் மெல்ல மெல்ல ஒன்று புரிந்தது. உடையாத வீட்டில் எது விரிசல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

"அக்காவுக்கு போன் போட்டுட்டேன்!" என்றான் கணவன். "வந்துக்கிட்டே இருக்கா. செஞ்சது நீதான்னு தெரிஞ்சுது… ஊமையனைத் தூக்கிக்கிட்டு நான் அக்கா வீட்டுக்கே போயிடுவேன்!"

"அண்ணி உங்களை உள்ளே விடுவாங்களா?"

யோசித்தான்.

"ஊமையனை விடுவா."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சமையலறைக்குத் திரும்பினாள். உள்ளே போன பிறகுதான் சிரிப்பு நின்றது. நான்கு மீன்களுக்காக ஒரு மனிதன் தன்னைக் கொலைகாரி என்று நம்பிவிட்டான். அதுவும் சுலபமாக! இவ்வளவு நாள் அவன் பக்கத்தில் படுத்திருந்தது யார் என்று நினைத்துக்கொண்டிருந்தான்?

—

நாத்தனார் வந்தாள்.

தீ விபத்து இன்ஷூரன்ஸில் புலனாய்வு அதிகாரி. தன் கடைக்குத் தானே தீ வைத்துவிட்டு 'ஐயோ, எரிஞ்சு போச்சே' என்று கதறுகிறவர்களைக் கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம். அதனால் அழுகிறவன் எவனையும் நம்பமாட்டாள்.

தம்பி அழுதுகொண்டிருந்தான்.

"முதல் சந்தேகம் உன் மேலதாண்டா."

"அக்கா…!"

"தொட்டியை இன்ஷூர் பண்ணியிருக்கியா?"

"இல்ல."

"அப்ப நீ இல்ல. அடுத்தது!"

செருப்பைக் கழற்றினாள். கைப்பையிலிருந்து ரப்பர் உறையை எடுத்து மாட்டினாள். தலைவரின் சடலத்தை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"காயம் இல்ல. கடிச்ச தடம் இல்ல. வயிறு மட்டும் உப்பியிருக்கு… செத்தது எல்லாமே இந்த மீசைக்காரங்கதானா?"

"ஆமா. மேல திரியற குட்டி டெட்ரா மீன் ஒண்ணுகூடச் சாகலக்கா."

"ஹ்ம்… தண்ணியில விஷம்னா முதல்ல குட்டி மீனுங்கதான் போகும். அடியில இருக்கறது மட்டும் சாகுதுன்னா…" குரலைத் தாழ்த்தினாள். "விஷம் அடியில இருக்கு! எவனோ… இல்ல, எவளோ… மணல்ல எதையோ போட்டிருக்கா."

"ஐயோ!"

"கத்தாத. தண்ணி எப்படி மாத்துவ?"

"அப்பப்போ பாதி எடுத்துட்டுப் புதுசு விடுவேன். நடுவுல ஆவியாப் போறதுக்கு ஒரு ஜக் ஊத்துவேன். இப்ப அதுகூட வேண்டியதில்ல." அந்தத் துக்கத்திலும் அவன் முகத்தில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "புது மூடி போட்டேன் பாரு! அதுலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி குறையறதில்ல!"

நாத்தனார் மூடியைப் பார்த்தாள். தீனி போடுவதற்காக ஓரத்தில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தாள். மூடினாள். யோசித்தாள்.

தவறான திசையில் யோசித்தாள்!

"அம்மா, நாளெல்லாம் நீ இங்கதானே உக்காந்திருக்க? உனக்குத் தெரியாம யாராவது தொட்டிகிட்ட வந்தாங்களா?"

"எனக்குத் தெரியாமலா? யாரும் வரலம்மா."

சத்தியமான வார்த்தை. வார்டன்கள் பொய் சொல்ல மாட்டார்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார்கள்.

"டேய், தண்ணியை இறைடா! மணலைச் சலிச்சுப் பாக்கணும்."

"ஊமையன்?"

"அவனையும் மத்த மீனுங்களையும் வாளியில விடு. சாட்சியைப் பத்திரமா வெச்சுக்கணும்."

குழாயும் வாளிகளும் வந்தன. நாத்தனார் கை கழுவச் சமையலறைப் பக்கம் நடந்தாள்.

கதவருகில்… நின்றாள்!

உள்ளே தம்பி மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள். கிசுகிசுப்பாக!

"இல்ல… அவங்களுக்கு எதுவும் தெரியாது… டீயிலதான் கலந்து குடுக்கறேன்… மூணு குடுத்தும் ஒண்ணும் ஆகல… நாலா? இன்னிக்கேவா? தாங்குவாங்களா? …சரி. நாலாவே போட்டுடறேன். இல்ல, இல்ல, அவருக்கும் தெரியாது. அவர் வயித்துல ரகசியம் தங்காது."

நாத்தனாருக்கு முதுகில் யாரோ ஐஸ் வைத்தது போலிருந்தது.

மீனெல்லாம் ஒத்திகை!

குறி… அம்மா!

—

நீங்களும் அவசரப்பட்டு நாத்தனார் பக்கம் சாய்ந்துவிட வேண்டாம். போனின் மறுமுனையில் இருந்தது கள்ளக் காதலனல்ல. டாக்டர்!

மாமியாருக்கு ரத்த அழுத்தம். சாதாரணமாக அல்ல, டாக்டரே நாற்காலியை விட்டு எழுந்து நிற்கும் அளவுக்கு. ஆனால் மாத்திரை என்றால் புருவம் உயர்ந்துவிடும். "மாத்திரை போட ஆரம்பிச்சா நான் நோயாளி ஆயிடுவேன்மா." நோயால் யாரும் நோயாளி ஆவதில்லை, மாத்திரையால்தான் ஆகிறார்கள் என்பது வார்டன் சட்டம். மருந்துச் சீட்டுகள் மர்மமாகக் காணாமல் போகும். அழுத்தம் பார்க்கும் கருவியை மட்டும் அனுமதிப்பார். "கையைப் புடிச்சு விடற மாதிரி சுகமா இருக்கு."

'டீயில் பொடித்துப் போட்டுக் கொடுங்கள்' என்றார் டாக்டர். மருமகள் கொடுத்தாள். அழுத்தம் இறங்கவில்லை. ஒன்று இரண்டானது. இறங்கவில்லை. இரண்டு மூன்றானது. ம்ஹூம்!

'இப்படியே போனா மூளையில ரத்தக் குழாய் எந்த நிமிஷமும் வெடிக்கலாம். படிப்படியாத்தானே ஏத்தியிருக்கோம், உடம்பு பழகியிருக்கும். நாலாக்கிடுங்க' என்றுதான் இன்றைக்குச் சொன்னார்.

நான்கு நீல மாத்திரைகள்.

இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து நசுக்கினாள். நீலத் தோல் செதில் செதிலாய்ப் பிரிந்தது. உள்ளே வெள்ளைப் பொடி.

அவள் வேலை பார்ப்பது ஒரு லிஃப்ட் கம்பெனியின் அவசர அழைப்புப் பிரிவில். லிஃப்ட் நடுவில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் "கவலைப்படாதீங்க, மெக்கானிக் கிளம்பிட்டார்" என்று சொல்ல வேண்டும். மெக்கானிக் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருப்பார். பொய்தான். ஆனால் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு மனிதர்கள் மூச்சு விடுகிறார்கள். இந்த டீயும் அப்படி ஒரு பொய் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஆனாலும் தினமும் கை நடுங்கியது. மாமியாருக்குத் தெரியாமல் மாமியாரின் உடம்புக்குள் எதையோ அனுப்புவது… அது காப்பாற்றுவதற்கே என்றாலும்… திருட்டுதானே?

அந்த நடுக்கத்தை ஆற்றியது ஒரே ஒரு வாக்கியம். இஞ்சி தட்டிப் போட்ட, பால் விடாத டீ. நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவாள். பெரியவர்கள் குடிப்பதைப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது மரியாதையில்லை. திரும்பிப் போகும்போது கப் காலியாக இருக்கும். மாமியார் புன்னகைப்பார்.

"நல்லா இருந்துதும்மா."

அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. அதற்காகவே அவள் மாலைக்காகக் காத்திருந்தாள். கணவன் மீனைக் கொஞ்சட்டும். நாத்தனார் சந்தேகப்படட்டும். இந்த ஒருத்தருக்குத் தன் கைப்பக்குவம் பிடித்திருக்கிறது!

பொடியை டீயில் கொட்டினாள். கலக்கினாள்.

கப்போடு ஹாலுக்கு வந்தாள்.

—

"நில்லு!"

நாத்தனார் வழியை மறித்து நின்றாள்.

"அந்தக் கப்புல என்ன?"

"டீ, அண்ணி."

"டீ மட்டும்தானா?"

கப் சாசரில் கடகடவென்று ஆடியது.

"பாருங்கடா, கை நடுங்கறதை! அம்மா… அந்த டீயைத் தொடாத! அதுல விஷம் இருக்கு! இவ எவன்கிட்டயோ போன்ல பேசறா… 'மூணு குடுத்தும் ஒண்ணும் ஆகல, நாலு குடுக்கறேன்'னு! மீனை வெச்சு ஒத்திகை பார்த்திருக்காம்மா!"

கணவன் கையிலிருந்த குழாய் நழுவிக் கம்பளத்தை நனைத்தது.

"என்ன சொல்றக்கா? இவளா… அம்மாவையா? சேச்சே… இவளுக்குக் கரப்பான் பூச்சியை அடிக்கவே நான் வரணும்!"

"மீனைக் கொன்னான்னு நீதானடா சொன்ன?"

"அது மீனுக்கா…"

மருமகள் வாயைத் திறந்தாள். மூடினாள். உண்மையைச் சொன்னால் மாமியார் இனி ஒரு சொட்டு டீ தொட மாட்டார். ரத்தக் குழாய் வெடித்துவிடும். சொல்லாவிட்டால்… இவள் விஷம் வைத்தவள்! மற்றவர்களை லிஃப்டிலிருந்து மீட்கத் தெரிந்த அந்தக் குரல், இப்போது இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது.

"டீதான் அத்தை," என்றாள் கடைசியில். "வெறும் டீ."

மாமியார் மகளைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். மருமகளின் கண் கலங்கியிருந்தது.

 ஒன்றும் அறியாத பெண். தன் கண்முன்னால் இப்படி அவமானப்படுகிறாள். இதைத் தடுக்க ஒரே வழிதான் இருக்கிறது.

"குடும்மா அதை."

"அம்மா…!"

"நீ சும்மா இரு!" புருவம் எழுந்தது. புலனாய்வு அதிகாரி, வார்டன் மகளானாள். வாயை மூடினாள். "என் மருமக கையால குடுத்தா விஷமா இருந்தாலும் குடிப்பேன். இன்னிக்கு எல்லார் முன்னாடியும் குடிக்கறேன். ஒரு சொட்டு விடாம!"

கப்பை வாங்கினார்.

மருமகளின் நெஞ்சு பொங்கியது. தனக்காக ஒருத்தர்! இந்த வீட்டில் தனக்காக ஒருத்தர்!

"குடிங்க அத்தை," என்றாள் தழுதழுத்து. "குடிச்சுக் காட்டுங்க."

கப் மேலே எழுந்தது…

"அக்கா!" தொட்டிப் பக்கமிருந்து கணவன் கூவினான். தண்ணீர் முக்கால்வாசி வடிந்திருந்தது. உள்ளங்கையில் ஈர மணலை ஏந்திக்கொண்டு வந்தான். "இதைப் பாரேன்! அம்மா நாற்காலிப் பக்கத்து மூலையில, தீனிக் கதவுக்கு நேர் கீழ… மணலெல்லாம் வெள்ளையா மாவு மாதிரி ஒட்டிக் கிடக்கு. நடுவுல நீலமா என்னமோ செதில் செதிலா…"

நீலம்.

மருமகள் பார்த்தாள்.

அவள் தலைக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தது. நீலத் தோல்… மாத்திரை… மணலில்! டீ தொட்டிக்குள் போயிருக்கிறது. அதனால்தான் தண்ணீர் குறையவில்லை! டீ நிறத் தண்ணீரில் டீயை ஊற்றினால் யாருக்குத் தெரியும்? அப்படியானால் அத்தை ஒரு மாத்திரைகூடச் சாப்பிடவில்லை! சாப்பிடாததால் அழுத்தம் இறங்கவில்லை. இறங்காததால் டாக்டர் ஏற்றினார். ஏற்றினார். ஏற்றினார்…

ஒன்றுக்கே பழகாத உடம்பு.

நான்கு மாத்திரை.

கப்… உதட்டில்!

"குடிக்காதீங்க அத்தை…!"

பாய்ந்தாள். கையை ஓங்கி அடித்தாள். கப் பறந்து, சுவரில் மோதி, சுக்கு நூறாகியது. அந்த வீட்டின் சரித்திரத்தில் பறந்த முதல் பாத்திரம்!



சுவரில் டீ வழிந்தது.

நாத்தனார் மெல்ல ரப்பர் உறையைக் கழற்றினாள்.

"சரி," என்றாள். "கேஸ் முடிஞ்சுது. குற்றவாளி தானே ஒத்துக்கிட்டா."

"ஒரு வாய் குடிச்சீங்களா அத்தை? சொல்லுங்க! உள்ள போச்சா?" மருமகள் மாமியாரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். மரியாதையெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

"இல்லம்மா… உதட்டுலதான் பட்டுது…"

"இதுக்கு முன்னாடி? எத்தனை நாளா தொட்டியில ஊத்தறீங்க?"

மாமியாரின் முதுகு, ஓய்வு பெற்ற நாளிலிருந்து முதல்முறையாக, வளைந்தது.

"…ஆரம்பத்துலேர்ந்தே."

"அம்மா!" கணவன் அலறினான். "நீயா?! தலைவரை… நீயா?!"

—

போன் ஸ்பீக்கரில் போடப்பட்டது. எல்லாவற்றையும் கேட்ட டாக்டர், வெகுநேரம் பேசவில்லை.

"லைன்ல இருக்கீங்களா டாக்டர்?"

"இருக்கேன்… உக்காந்துக்கிட்டேன். இது வரைக்கும் ஒண்ணுகூட உள்ள போகாத உடம்பா? நாலையும் ஒரே மடக்குல குடிச்சிருந்தா, அழுத்தம் அப்படியே பாதாளத்துக்குப் போயிருக்கும். விழுந்திருப்பாங்க. அதுக்கப்புறம்… எழுப்பியிருக்க முடியாது. தப்பு என் மேலயும் இருக்கு. நேர்ல கூட்டிட்டு வாங்க, முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்."

போன் வைக்கப்பட்டது.

நாத்தனாருக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "ஏம்மா ஊத்தின? விஷம்னு உனக்கும் சந்தேகமா?"

"சேச்சே! இவ மேலயா?" மாமியார் நிஜமாகவே பதறினார். "கசப்பும்மா! வாயில வைக்க முடியல. முதல் நாள் ஒரு வாய் குடிச்சேன். நாக்கு செத்துப் போச்சு."

"சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிடீ சொல்றது? புதுசா வந்த பொண்ணு. ஆசையா இஞ்சியெல்லாம் தட்டிப் போட்டுக் கொண்டு வர்றா. வெச்சுட்டு, நான் குடிக்கறதைக்கூடப் பாக்காம, கூச்சமா உள்ள போயிடறா. நல்லா இல்லைன்னு சொல்ல ஒரு நொடி போதும். அதுக்கப்புறம் வாடிப்போன அந்த முகத்தை நான் எத்தனை வருஷம் பாத்துக்கிட்டு இருக்கணும்?" பெருமூச்சு விட்டார். "விடுதிச் சமையலை முதல்ல வார்டன்தான் சாப்பிட்டுக் காட்டணும். முகம் சுளிக்காம விழுங்கறதும், விழுங்க முடியாததைப் பூந்தொட்டியில ஊத்தறதும்… நான் கத்துக்கிட்ட வித்தை அதுதான். இங்க பூந்தொட்டி இல்ல. மீன் தொட்டிதான் இருந்துது. தண்ணி வேற டீ கலர்லயே இருந்துதா…"

"விடுதிச் செடியெல்லாம்?" என்றாள் நாத்தனார்.

"அடிக்கடி மாத்துவோம்."

மருமகள் தரையில் உட்கார்ந்து கப்பின் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"அப்போ… தினமும் 'நல்லா இருந்துது'ன்னு சொன்னீங்களே?"

மாமியார் சுவரில் வழிந்த டீயைப் பார்த்தார்.

 நான்கு மீன்கள் செத்ததைவிட, ஒரு வாக்கியம் செத்தது மருமகளுக்குப் பெரிதாக வலித்தது. எத்தனை மாலைகள்! அத்தனையும் மணலுக்குள்.

"மாத்திரையா?" திடீரென்று மாமியாருக்கு உறைத்தது. "நில்லு. எனக்கு… எனக்குத் தெரியாம… மாத்திரையா? திருட்டுத்தனமாவா குடுத்த?"

வழக்கமான மருமகளாக இருந்தால் 'மன்னிச்சுடுங்க அத்தை' என்றிருப்பாள். ஆனால் அவள் கையில் இப்போது உடைந்த கப் இருந்தது. உடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை என்று அது சொல்லிற்று.

"நீங்க ஊத்தினது மட்டும் நேர்மையாவா அத்தை?"

கணவன் மூச்சை நிறுத்தினான். நாத்தனார் ஒரு அடி பின்வாங்கினாள். புருவம் எழும்… இதோ… எழுந்தது…

பாதி வழியில் நின்றது.

மாமியார் சிரித்துவிட்டார். சின்னதாகத் தொடங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும் வரைக்கும். ஒரு நொடி கழித்து மருமகளும். இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் வாளிக்குள் ஊமையன் மிரண்டு ஒரு சுற்றுச் சுற்றினான்.

"எழுதிக்கோங்க," என்றாள் நாத்தனார், யாரும் எழுதவில்லை என்றாலும். "கொலை ஆயுதம்… மரியாதை. கொலையாளி ரெண்டு பேர். ரெண்டு பேரும் நல்லவங்க. இவங்களை ஜெயில்ல போட முடியாது. ஒரே வீட்டுல சேர்ந்து இருங்கன்னு விட்டுடறதுதான் தண்டனை."

"அண்ணி…"

"உன்கிட்ட நான் மன்னிப்பு கேக்கணும். கேட்டதா வெச்சுக்கோ. எனக்கு அது பழக்கமில்ல."

கணவன் மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒரு துண்டை அவனும் பொறுக்கினான்.

"நானும்…" என்றான். "நான் நிஜமாவே அக்கா வீட்டுக்குப் போயிருக்க மாட்டேன்."

"தெரியும். ஊமையனை மட்டும்தான் விடுவாங்க."

"யோசிச்சேன். மீனா, நீயான்னு."

"இன்னுமா யோசிக்கறீங்க?"

"முடிச்சுட்டேன். நீதான்." கொஞ்சம் தயங்கினான். "ஆனா ஊமையனை…"

"இருக்கட்டும். ஒத்தை ஆளாத் தவிக்கறான். அவனுக்கு நாலு துணை வாங்கிப் போடுங்க."

மாமியார் ஒரு நிபந்தனையோடு சரணடைந்தார். டாக்டர் சொல்கிற மாத்திரையை இனி வெறும் தண்ணீரில், பகிரங்கமாக விழுங்குவார். ஆனால் அவரை யாரும் நோயாளி என்று கூப்பிடக் கூடாது.

"இன்னொண்ணும் இருக்கு," என்றாள் மருமகள். "இனிமே உண்மையைத்தான் பேசணும். பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லணும். முகத்துக்கு நேரா!"

"சரிம்மா. சத்தியமா."

மருமகள் எழுந்தாள். சமையலறைக்குள் போனாள். கசப்பெல்லாம் மாத்திரையால் வந்தது. அவள் கையால் அல்ல! அதை இப்போதே நிரூபித்தாக வேண்டும். இஞ்சி தட்டினாள். டீத்தூள் போட்டாள். கொதிக்க விட்டாள். வடிகட்டினாள். பொடி இல்லை, ரகசியம் இல்லை, நடுக்கம் இல்லை.

புதுக் கப்பில் கொண்டுவந்து நீட்டினாள். இந்த முறை உள்ளே போகவில்லை. இடுப்பில் கைவைத்து எதிரிலேயே நின்றாள்.

மாமியார் ஒரு வாய் குடித்தார்.

எல்லோரும் பார்த்தார்கள்.

விழுங்கினார்.

முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. வார்டன் முகம். ஆனால் கண்கள் மட்டும்… மெல்ல… மிக மெல்ல… பக்கத்திலிருந்த வாளிப் பக்கம் நகர்ந்தன!

கணவன் பாய்ந்து வாளியை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"அம்மா! சத்தியம் பண்ணியிருக்க! வாயைத் திறந்து சொல்லு!"

மாமியார் கப்பைக் கீழே வைத்தார். மருமகளை நேருக்கு நேர் பார்த்தார்.

"மாத்திரை போட்டதே தேவலம்மா!"